இரண்டு படிக்கட்டு மாளிகையின் முழுச் சரித்திரம்

மாளிகை மாமன் எழுதும் மடல். அன்புள்ள மாப்பிள்ளைக்கு ஆசீர்வாதம் அநேகம். இங்கே நானும் கட்டடமும் விரிசல் அதிகமில்லாமல் நலம். அங்கே நீயும் உன் மனைவியும் உங்கள் ஒற்றை அறையும் நலம்தானே.

நிற்க. மாளிகையைப் புதிதாக வாங்கிய இரும்பு வியாபாரி போன வாரம் மனைவியோடும் இடிக்கிற ஆளோடும் வந்து நின்றார். இடித்தால், பின்னறையில் காவலுக்கு இருக்கும் நான் கட்டிலைத் தூக்கிக்கொண்டு உன் வீட்டுக்குத்தான் வரவேண்டும். உன் மனைவியின் முகம் கண்முன் வந்தது. நாக்கு தானாக அவிழ்ந்துகொண்டது. இதைக் கட்டியவர் கப்பல் முதலாளி, கூடத்துத் தூணெல்லாம் அவருடைய பாய்மரங்கள் என்றேன். இடிக்கிறவர் தூணைத் தட்டிப் பார்த்து, "செங்கல்லுங்க" என்றார். வெளியேதான் செங்கல், உள்ளே பாய்மரம் என்றேன். கப்பல் மூழ்கியதும் ஒரு வக்கீல் வாங்கினார், அவர் மாடியில் நின்று இருமினால் எதிர்க்கட்சிக்காரன் தெருவிலேயே சமாதானத்துக்கு வந்துவிடுவான் என்றேன். வியாபாரி கொட்டாவி விட்டார். சரி, இருக்கிற பெரிய சரக்கை இறக்குவோம் என்று, வக்கீலுக்குப் பிறகு வந்த டாக்டருக்கு இரண்டு சம்சாரம், ஒருத்தி முகத்தில் ஒருத்தி விழிக்கக் கூடாதென்றுதான் முன்னால் ஒன்று பின்னால் ஒன்று என இரண்டு படிக்கட்டு, கடைசிவரை வீட்டில் சண்டையே கிடையாது என்றேன். அதுவரை செல்போனைத் தடவிக்கொண்டிருந்த வியாபாரியின் மனைவி நிமிர்ந்தார்.

"நெசமாவா பெரியவரே? ஒருத்தரை ஒருத்தர் பாக்கவே வேணாமா?"

"தும்மினாக்கூட கேக்காதும்மா."

"என்னங்க, இடிக்க வேணாம். உங்கம்மாவுக்கு ஒரு படி, எனக்கு ஒரு படி."

வியாபாரியின் முகத்தில் கல்யாணமான நாளிலிருந்து காணாத வெளிச்சம். இடிக்கிறவர் சம்மட்டியைத் தோளில் போட்டு நடையைக் கட்டினார். இனி நான் வெறும் காவல்காரன் இல்லை, சரித்திர அதிகாரி. சம்பளம் அதேதான்.

இந்த மாளிகைபோல் நீ நெடுங்காலம் நிலைத்து நிற்கவும், இதுபோல் அடிக்கடி கைமாறாதிருக்கவும் வாழ்த்தும்,
உன் தாய்மாமன்.

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுமுன் வியாபாரியின் தாயார் வீட்டைப் பார்க்க வந்துவிட்டார். டாக்டர் கதையை இன்னும் கொஞ்சம் மெருகேற்றிச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "சின்ன வயசுல அந்த டாக்டர்கிட்டதான் ஊசி போட்டுக்குவேன். அவருக்குக் கல்யாணமே ஆகலையே. பின்பக்கப் படி நோயாளிங்க ஏறுறதுக்கு" என்றார். நான் துண்டை எடுத்துத் தூணைத் துடைக்க ஆரம்பித்தேன். அந்த அம்மாள் பின்படியில் ஏறிப் பார்த்து இறங்கி வந்து, குரலைத் தாழ்த்தி, "இதை என் மருமக காதுல போட்டுடாதீங்க. எனக்கும் தனியா ஒரு படிக்கட்டு வேணும்" என்றார். நான் என்ன செய்வேன் மாப்பிள்ளை. சரித்திரத்தைத் திருத்த நாம் யார்.