திமில் போன காளையும் புள்ளியும்

என் 2003-ஆம் ஆண்டு டைரியில், டிசம்பர் 22, திங்கட்கிழமைப் பக்கத்தில் மூன்றே வரிகள்: "காளையின் திமிலை வெட்டிவிட்டேன். புள்ளி அதை மீட்டான். மதியம் சாப்பாடு இறங்கவில்லை."

கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்த மனிதர்களிலேயே, போட்டோவில் இருப்பவர்களோடு பேசிக்கொண்டு வேலை பார்த்தவன் உலகத்தில் புள்ளி ஒருவன்தான்.

அவனியாபுரத்தில் ஒரு பேனர் கடை. நானும் அவனும் ஒரே வாரத்தில் பழகுநராகச் சேர்ந்தோம். கம்ப்யூட்டர் ஒன்று, நாற்காலி ஒன்று. பொங்கலுக்குப் பிறகு ஒருத்தனைத்தான் வைத்துக்கொள்வேன் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

போட்டோவிலிருந்து ஆளை மட்டும் வெட்டியெடுப்பதுதான் வேலை. அதற்குக் கம்ப்யூட்டரில் மந்திரக்கோல் என்று ஒரு கருவி உண்டு. ஒரு நிறத்தைத் தொட்டால் அதை ஒட்டிய அதே நிறம் முழுக்கத் தானாகத் தேர்வாகும். சுருக்குக்கயிறு என்றால் நாமே சுற்றி வளைக்க வேண்டும். பேனாவைப் பிடித்தால் ஓரம் நெடுகப் புள்ளி வைத்தே போக வேண்டும். அவன் பேனாவைத் தவிர எதையும் தொடமாட்டான். ஒரு மூக்குக்கு நாற்பது புள்ளி. பெயர் அப்படி வந்ததுதான்.

செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உட்காருவான். காதுகுத்துக் குழந்தையின் படம் என்றால், "அழுகாத தங்கம், இந்தா முடிஞ்சிருச்சு" என்பான். மீசைக்காரர் படம் வந்தால், "அண்ணே, லேசா மூச்ச அடக்குங்க." கரண்ட் போனால் இருண்ட திரையிடம் மன்னிப்புக் கேட்பான்.

நான் பத்து நிமிடத்தில் முடிப்பதற்கு அவனுக்கு அரை நாள் ஆகும். ஆனாலும் வருகிறவர்கள், "புள்ளி தம்பி இல்லையா?" என்றுதான் கேட்பார்கள். எனக்கு வயிறு எரியும். அவன் டீ குடிக்கப் போன நேரத்தில் அவன் வெட்டிய படங்களைப் பெரிதாக்கி, ஓரத்தில் ஒரு பிசிறாவது அகப்படாதா என்று தேடுவேன். தேதிவாரியாகக் குறிப்பும் இருக்கிறது: பிசிறு இல்லை. பிசிறு இல்லை. பிசிறு இல்லை.

அந்தத் திங்கட்கிழமை ஒரு காளைக்காரர் போன வருட ஜல்லிக்கட்டுப் படத்தைக் கொடுத்து, காளை மட்டும் தனியாக வேண்டும் என்றார். புள்ளி வருவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று நாற்காலியைப் பிடித்தேன். கறுப்புக் காளையை மந்திரக்கோலால் தொட்டேன். பின்னால் நின்ற கூட்டத்தின் கருந்தலைகள் அத்தனையும் கூடவே கிளம்பி வந்தன. சுருக்குக்கயிற்றை எடுத்தேன். திமிலில் எவனோ ஒருவனின் கை இருந்தது. அதை நீக்கினேன்.

"ஏப்பா, நான் குடுத்தது காளை. இது எங்கிட்டுப் புடிச்ச கழுதை? திமிலு எங்கய்யா?"

புள்ளி உள்ளே வந்து செருப்பைக் கழற்றினான். மேஜையில் கிடந்த அசல் படத்தைப் பார்த்தான். "அண்ணே, அந்தக் கை புடிச்சிச்சா, வழுக்கிருச்சா?"

"எங்க காளையையா புடிக்கிறது? தொட்டவன் மண்ணுல கெடந்தான்!"

"அப்பக் கை வேணாம். மாப்ள, எந்திரி."

நான் எழுந்தேன். படத்தைக் கொடுத்தவரிடம் இப்படிக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. "கருப்பா, கொம்ப ஆட்டாதடா" என்று சொல்லிச் சொல்லி, சாயங்காலம்வரை புள்ளி வைத்தான். கை மறைத்திருந்த இடத்துக்கு முதுகுத் தோலிலிருந்து எடுத்துப் போட்டான். காளைக்காரர் திரையைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

பிறகு வந்த முதலாளி அசந்து நின்றார். "யாருடா வெட்டுனது?"

"மாப்ளதாண்ணே. நான் கைய மட்டுந்தான் எடுத்தேன்."

நான் அதைத் திருத்தவில்லை. பொங்கல் முடிந்ததும் நாற்காலி எனக்கு வந்தது. அவன் கொட்டாம்பட்டியில் ஒரு ஸ்டூடியோவுக்குப் போய்விட்டான்.

அந்த ஸ்டூடியோ வேலை அவனுக்கு டிசம்பர் 22-க்கு முன்பே முடிவாகியிருந்தது என்று எங்கள் பேனர் கடைக்குப் பக்கத்தில் அப்போது கடை வைத்திருந்த ஒருவர் அண்மையில் சொன்னார். அது உண்மையானால் அவன் எனக்காக எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. என் பாரமும் பாதி இறங்கும். இதை நான் இன்னும் சரிபார்க்கவில்லை. மாட்டுத்தாவணியில் பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் கொட்டாம்பட்டி. நேரிலேயே கேட்டுவிடலாம். போகத்தான் மனசு வரவில்லை.