மருமகன் அனுப்பிய காருக்கு மயக்கம்

வல்வெட்டித்துறை,
14.9.1963

என் அன்புக்குரிய மருமகன் தில்லைநாதனுக்கு மாமன் கந்தப்பு எழுதுவது.

அம்மன் கிருபையால் நானும் உமது மாமியும் உமது மனைவி மகாதேவியும் சுகம். கொழும்பில் நீரும் அப்படியே இருக்க வேண்டுகிறேன். நீர் வாங்கி அனுப்பிய கார்தான் சுகமில்லை.

பிள்ளைப்பேற்றுக்கு மகாதேவியை மந்திகை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகவென்று அந்தப் பழைய காரை அனுப்பினீர். நல்ல எண்ணம்தான், நான் குறை சொல்லவில்லை. வந்து சில நாள் ஒழுங்காகத்தான் ஓடியது, பிறகுதான் மயங்கி விழத் தொடங்கியது. சந்தியில் வேகத்தைக் குறைத்தேன், விளக்கு மங்கி, ஹோர்ன் கம்மி, எஞ்சின் நின்றது, இறங்கித் திட்டிக் கதவை ஓங்கிச் சாத்தினேன், உயிர் வந்தது. மறுநாள் கோயிலடியிலும் அதே கூத்து, கதவை எத்தனை தரம் சாத்தியும் மசியவில்லை. "உந்தச் சனியனை நம்பியோ பிள்ளையை ஏத்தப் போறியள்?" என்று பின்னாலிருந்து உமது மாமி கேட்டார். நாகபட்டினத்துக்கும் ரங்கூனுக்கும் பாய்க்கப்பல் ஓட்டிய தண்டையல் நான், ஊர்ச்சனம் பார்க்கக் கார் தள்ளினேன். அது போகட்டும். நோவு கண்ட பிள்ளையை ஏற்றிக்கொண்டு போகும்போது நடுவழியில் நின்றால் உமது முகத்தில் நான் எப்படி விழிப்பேன்? எனக்குப் பயமாக இருந்தது, மருமகன். நித்திரையே இல்லை.

கரவெட்டி மெக்கானிக் சோமசேகரத்தைக் கூப்பிட்டேன். பற்றரியை மாற்றினான், அடுத்த நாளே கார் நின்றது. டைனமோவைக் கழற்றிப் பூட்டினான், இரண்டு தேத்தண்ணி குடித்தான், அதற்கும் கார் மசியவில்லை. கடைசியாகப் பற்றரிக் கம்பி ஒன்றைப் பிடித்துக்கொண்டே போய், அது காரின் உடம்பில் முடுக்கியிருந்த இடத்தைத் தடவினான். விரலெல்லாம் கறுப்பு.

"ஆர் ஐயா இதுக்குத் தார் பூசினது?"

"நான்தான். வேறை ஆர் பூசுறது? கடற்காத்து இரும்பைத் தின்னுமெல்லே. அடிப்பக்கம் முழுக்கப் பூசினனான். தோணிக்கு ஆணி அடிக்கேக்கையும் அடியிலை தார் வைச்சுத்தான் அடிக்கிறது. அதுபோலை இந்தக் கம்பியையும் கழட்டி, வடிவாப் பூசி, திரும்ப முடுக்கினனான்."

"தோணி கரண்டிலையோ ஓடுது? இரும்பும் இரும்பும் தொட்டால்தான் கரண்ட் போகும். நடுவிலை தாரை வைச்சால், ஆட்டத்திலை ஒருக்கால் தொடும், ஒருக்கால் தொடாது."

மகாதேவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் சுரண்டித் துடைத்து முடுக்கிவிட்டுப் போனான். இப்போது கார் நன்றாக ஓடுகிறது. ஆகையால் நீர் அந்தரப்பட்டு லீவு எடுத்து ஓடிவர வேண்டாம். பிள்ளை பிறந்தபின் ஆறுதலாக வாரும். எல்லாவற்றையும் நான் பார்த்துக்கொள்வேன்.

உமது உத்தியோகமும் உடம்பும் நன்றாக இருக்க, அம்மனை வேண்டும் மாமன்,
சி. கந்தப்பு

பி.கு.: கடிதத்தை இன்னும் தபாலில் போடவில்லை. சோமசேகரம் சுரண்டிய இடம் வெறும் இரும்பாய் மினுங்கிக்கொண்டு கிடந்தது. கடற்காற்றோ ஓயவில்லை. மனம் கேட்கவில்லை, கம்பியைக் கழற்றி, மெல்லிசாக ஒரு பூச்சுத் தார் கொடுத்து, திரும்ப முடுக்கினேன். அன்று பின்னேரமே நோவு கண்டது. பொலிகண்டி தாண்டியதும் கார் செத்துவிட்டது. பின்னால் மகாதேவி கதறினாள். உமது மாமி அம்மனைக் கூப்பிட்டு அழுதார். கத்தியை எடுத்துச் சுரண்டினேன். புயலில் சுக்கான் பிடித்த கையால் கம்பியைத் திரும்ப முடுக்கினேன், காருக்கு உயிர் வந்தது. எப்படியோ போய்ச் சேர்ந்தோம். பெண் பிள்ளை. தாயும் பிள்ளையும் சுகம். தந்தியில் உமக்கு இவ்வளவும்தான் வந்திருக்கும்.

கண் திறந்ததும் மகாதேவி சொன்னாள்: "அவரை உடனை வரச்சொல்லி எழுதுங்கோ. அவர் வருமட்டும் நீங்கள் காரிலை கை வைக்கக்கூடாது, ஐயா."

எனக்குக் கட்டளை போட்டவர்கள் கடலிலும் இல்லை, கரையிலும் இல்லை. ஓம் என்று சொல்லிவிட்டேன். உடனே வாரும்.