வீட்டுக்கு ஒரு வடக்கு

டெல்லி கிட்வாய் நகரில் ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு நீண்ட வரிசை நின்றது. தண்ணீர் லாரிக்காக இல்லை. இலவச மருத்துவ முகாமுக்காகவும் இல்லை. குப்பைத் தொட்டியை வீட்டில் எங்கே வைப்பது என்று கேட்பதற்காக.

சிரிக்காதீர்கள். அந்த வரிசையில் அண்டர் செக்ரட்டரி ஒருவர் இருந்தார். செயற்கைக்கோளின் பாதையைக் கணக்குப் போடத் தெரிந்த ஒருவரும் இருந்தார். பூமிக்கு மேலே எந்தப் பொருளை எங்கே நிறுத்த வேண்டும் என்று அவருக்குத் தெரியும். வெங்காயத் தோலை எங்கே போடுவது என்பதில்தான் சந்தேகம்.

சந்தேகம் தீர்ப்பவர் பெயர் தட்சிணாமூர்த்தி. அவருடைய அட்டையில் ‘குப்பை வாஸ்து சாம்ராட்’ என்று தங்க எழுத்தில் போட்டிருந்தது. சமீபகாலம் வரை தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின் விற்றுக்கொண்டிருந்தவர். தண்ணீரில் கிருமி இருக்கிறது என்று சொன்னபோது, எங்கே காட்டு என்றார்கள். குப்பையில் தோஷம் இருக்கிறது என்று சொன்னபோது ஒருவரும் காட்டச் சொல்லவில்லை. புத்திசாலி மனிதர், தொழிலை மாற்றிக்கொண்டார்.

அவருடைய தத்துவம் எளிமையானது. லக்ஷ்மி வாசல் வழியாக வீட்டுக்குள் வருகிறாள். எது வழியாக வெளியேறுகிறாள்? குப்பை வழியாக. ஆகவே தொட்டியை வடக்கில், குபேரன் திசையில் வைத்து, போகிறவளை அங்கேயே மடக்கிப் பிடிக்க வேண்டும். செல்வத்துக்கு அதிபதியான குபேரனுக்கு வாழைப்பழத் தோலைக் காவல் காக்கும் வேலை கிடைத்தது இப்படித்தான்.

இதில் ஒரு நிபந்தனை உண்டு. அவர் காட்டிய இடத்தைப் பக்கத்து வீட்டாரிடம் சொன்னால் பலன் போய்விடும். ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் முருங்கைக்காய் வாங்க வந்தவர்கள் காய்க்கடைக்கு நடுவே கிசுகிசுத்தார்கள்.

“உங்க வீட்ல பார்த்தாச்சா?”

“ஆச்சு. உங்க வீட்ல?”

“ஆச்சு. எங்கன்னு கேக்காதீங்க.”

“நான் கேக்கலை. நீங்களும் கேக்காதீங்க.”

இருவரும் திருப்தியாகப் பிரிந்தார்கள்.

இந்த நிலையில்தான் ஐந்தாவது மாடியில் இருக்கும் ஜெயலட்சுமி வீட்டுக்குத் தட்சிணாமூர்த்தி வந்து சேர்ந்தார். ஜெயலட்சுமியின் கணவர் வேணு ஓர் அமைச்சகத்தில் செக்‌ஷன் ஆபீசர். அலுவலகத்தில் எந்தக் காகிதம் வந்தாலும் ‘ஆராய்ந்து தெரிவிக்க’ என்று எழுதுபவர். வீட்டில் அந்தப் பழக்கம் கிடையாது. ஒரே மகள் ஜ்யோத்ஸ்னா, நொய்டாவில் இருக்கும் ஒரு கம்பெனியில் புதிதாகச் சேர்ந்திருந்தாள். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. வீட்டிலிருந்தே வேலை. காலையில் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டால் சாப்பாட்டுக்குத்தான் வெளியே வருவாள்.

தட்சிணாமூர்த்தி காபி குடித்தார். முறுக்கு சாப்பிட்டார். உடனே திசை பார்த்துவிடவில்லை. முதலில் ஒரு கேள்வி கேட்டார்.

“சொல்லுங்கம்மா. இந்த வீட்ல எந்தப் பக்கம் பார்த்தா உங்களுக்கு மனசு கனக்குது?”

“அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லைங்க” என்றாள் ஜெயலட்சுமி. ஆனால் அவள் கண் மகளுடைய சாத்திய கதவு வரை போய்விட்டுத் திரும்பியது.

தட்சிணாமூர்த்தி அந்தக் கண்ணைப் பார்த்துக்கொண்டார். பையிலிருந்து பித்தளைத் திசைகாட்டியை எடுத்து மேஜையில் வைத்தார். அதன் பக்கத்தில் வலது கையை ஊன்றினார். விரலில் கொட்டைப்பாக்கு அளவுக்கு ஒரு கறுப்பு மோதிரம். கையைக் கொஞ்சம் நகர்த்தினார். முள் தடுமாறியது, சுற்றியது, கடைசியில் சாத்திய கதவைப் பார்த்து நின்றது.

“அதோ வடக்கு. தொட்டி அந்த ரூம்லதான் இருக்கணும். மனுஷங்க அங்க புழங்கக் கூடாது. முக்கியமா கம்ப்யூட்டர் ஆகாது. கதவு எப்பவும் திறந்தே இருக்கணும்.”

பேச்சுச் சத்தம் கேட்டு ஜ்யோத்ஸ்னா வெளியே வந்தாள். “அங்கிள், அது என் ரூம்.”

“இனிமே குபேரன் ரூம்மா.”

“அந்த ஜன்னல்லதான் டெய்லி சன்செட் தெரியுது. அது எப்படி நார்த் ஆகும்?”

“சூரியன் ஊருக்குப் பொதும்மா. வாஸ்து வீட்டுக்குத் தனி” என்றார் தட்சிணாமூர்த்தி.

“ஆமா, அதானே” என்றார் வேணு. எதற்கு ஆமாம் என்று அவரே ஆராயவில்லை.

அன்று மாலையே குடிபெயர்ப்பு நடந்தது. சமையலறையில் தொட்டி இருந்த மூலைக்கு ஜ்யோத்ஸ்னாவின் செருப்புகள் வந்தன. அவள் அறையின் நடுவில், தட்சிணாமூர்த்தி விற்ற செப்புத் தகட்டின்மேல், சிவப்புக் குப்பைத் தொட்டி அமர்ந்தது. பகலெல்லாம் டெல்லி வெயில் கொளுத்தியதால் அதற்காக மின்விசிறி ஓடியது. காலையில் குப்பை எடுக்க வருகிறவர் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, ஹாலைக் கடந்து, மகளின் அறைக்குள் போய்த் தொட்டியை ஏந்திக்கொண்டு வந்தார். ஜெயலட்சுமி அவருக்குப் பின்னாலேயே சாம்பிராணிப் புகையோடு போனாள். அவர் தும்மியபடியே, “பாபிஜி, ஜல்தி” என்று அவசரப்படுத்தினார்.

ஜ்யோத்ஸ்னா ஹால் சோபாவில் உட்கார்ந்து வேலை பார்த்தாள். அவள் பேசும்போதெல்லாம் குக்கர் விசில் அடித்தது. ரயில்வே ஸ்டேஷன் பக்கத்தில் வீடா என்று முதல் நாள் மேனேஜர் அன்பாகக் கேட்டார். பிறகு ஒரு நாள், வாடிக்கையாளருக்கு அவள் வீடியோவில் விளக்கிக்கொண்டிருந்தபோது, பின்னணியில் வேணு லுங்கியைச் சரிசெய்துகொண்டு குறுக்கே நடந்தார். மேனேஜரின் குரலில் அன்பு குறைந்தது. இந்த மாதக் கடைசிக்குள் அமைதியான இடம் ஏற்பாடு செய்யாவிட்டால் வேலையை நிரந்தரமாக்குவது சிரமம் என்றார்.

ஜ்யோத்ஸ்னா அம்மாவிடம் போனாள்.

“அம்மா, எனக்கு என் ரூம் வேணும். இல்லைன்னா நான் நொய்டாவில பிஜி ஹாஸ்டல் பார்த்துக்கிட்டுப் போயிடுவேன்.”

ஜெயலட்சுமி கையிலிருந்த கரண்டி நின்றது. “வீட்டை விட்டா?”

“வேற என்ன பண்றது? டஸ்ட்பின்னை பிஜிக்கு அனுப்ப முடியுமா?”

“பலன் வர்ற வரைக்கும் பொறுத்துக்கோடி.”

“என்ன பலன்?”

ஜெயலட்சுமி கரண்டியை மறுபடி சுழற்றத் தொடங்கினாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை குடியிருப்புப் பூங்காவில் ‘குப்பைத் தோஷக் கூட்டு நிவர்த்தி’ நடந்தது. அவரவர் தொட்டியோடு வர வேண்டும் என்று அறிவிப்பு. வந்தார்கள். பட்டுப்புடவை கட்டி, மல்லிகைப்பூ வைத்து, இடுப்பில் குழந்தையைப்போலத் தொட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பெடல் தொட்டி, மூடித் தொட்டி, பெயின்ட் டப்பாவைத் தொட்டியாக்கியது என்று எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தது. ஒரு சாமியும் இத்தனை பேர் மடியில் உட்கார்ந்ததில்லை.

“எல்லாரும் தொட்டியை நெஞ்சோட அணைச்சுக்கோங்க” என்றார் தட்சிணாமூர்த்தி மைக்கில். அணைத்துக்கொண்டார்கள். சிலர் கண்ணை மூடினார்கள். மூக்கையும் மூடிக்கொள்ள முடியவில்லை, கை காலியாக இல்லை.

“பலன் கிடைச்சவங்க யாராவது மேடைக்கு வந்து ரெண்டு வார்த்தை பேசலாம்.”

ஜ்யோத்ஸ்னா எழுந்து போனாள். ஜெயலட்சுமி பூரித்துப் பக்கத்தில் இருந்த உஷாராணியிடம் சொன்னாள்: “என் பொண்ணு. இப்பதான் நம்பிக்கை வந்திருக்கு.” உஷாராணி ஜெயலட்சுமி வீட்டுக்கு நேர் கீழே, நான்காவது மாடியில் இருப்பவள். அதே அளவு, அதே ஜன்னல், அதே சுவர் உள்ள வீடு.

“நமஸ்தே” என்றாள் ஜ்யோத்ஸ்னா. “தொட்டி எங்க இருக்குன்னு சொன்னா பலன் போயிடும்னு அங்கிள் சொல்லியிருக்கார். அதனால யாரும் எதுவும் சொல்ல வேண்டாம். உங்க வீட்ல அங்கிள் காட்டின வடக்கு எந்தப் பக்கமோ, அந்தப் பக்கம் திரும்பி மட்டும் நில்லுங்க. நம்ம டவர் எதிர்லதான் இருக்கு. பார்த்துக்கோங்க.”

தட்சிணாமூர்த்தி மைக்கை நோக்கிக் கை நீட்டினார். அதற்குள் கூட்டம் திரும்ப ஆரம்பித்துவிட்டது. சொல்வதைச் செய்து பழகிய கூட்டம்.

ஜெயலட்சுமி ஐ.என்.ஏ. மார்க்கெட் பக்கம் திரும்பினாள். உஷாராணி ரிங் ரோடு பக்கம் திரும்பினாள். இரண்டு தொட்டிகளும் டணாரென்று மோதிக்கொண்டன. முன் வரிசையில் அதே டவரில் குடியிருக்கும் செந்தில்குமார் ஒரு பக்கமும், அவருக்கு மேல் மாடிக்காரர் நேர் எதிர்ப்பக்கமும் திரும்பி, மூக்கோடு மூக்கு உரச நின்றார்கள். தரைத்தளத்துக்காரர் ஒருவர் சந்தேகத்தில் இரண்டு முறை ஆலோசனை கேட்டிருந்தவர். அவர் இப்படியும் அப்படியுமாகச் சுற்றிக்கொண்டே இருந்தார்.



“ஏனுங்க ஜெயலட்சுமிம்மா” என்றார் செந்தில்குமார். “உங்களுக்கு வடக்கு அந்தப் பக்கமுங்களா?”

“ஆமா. உஷாராணி, உனக்கு ஏன் இந்தப் பக்கம்? நம்ம ரெண்டு வீடும் ஒண்ணுதானே?”

“அதான் எனக்கும் புரியலைக்கா. உங்க தரைதானே எங்க கூரை.”

தட்சிணாமூர்த்தி மைக்கைப் பிடித்துவிட்டார். “பதற வேண்டாம். இதுதான் சூட்சுமம். ஒவ்வொரு வீட்டுக்கும் மூச்சு வேற. மூச்சு வேறன்னா வடக்கும் வேற.”

நம்புங்கள், பாதிக் கூட்டம் தலையாட்டியது. செயற்கைக்கோள்காரர்கூட “அச்சா” என்றார். அவர் அனுப்பும் செயற்கைக்கோள் எப்படி ஊர் போய்ச் சேர்கிறது என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

“ஓகே அங்கிள்” என்றாள் ஜ்யோத்ஸ்னா. “வீட்டு வடக்கு வேண்டாம். இந்தப் பூங்காவுக்கு ஒரு வடக்கு இருக்கும் இல்லையா? திசைகாட்டியை இந்த மேஜையில வைங்க. பார்த்துடலாம்.”

மறுக்க வழியில்லை. வைத்தார். வழக்கம்போலப் பக்கத்தில் கையை ஊன்றினார். முள், பூங்கா ஓரத்தில் அவர் போட்டிருந்த செப்புத் தகட்டுக் கடையைப் பார்த்து நின்றது.

“சரி. இப்ப நீங்க மட்டும் மேடையை விட்டுக் கீழ இறங்குங்க.”

“எதுக்கு?”

“வடக்கு உங்க கூடவே வருதா, இங்கயே இருக்குதான்னு பார்க்கத்தான்.”

“எறங்குங்க சார்” என்றார் செந்தில்குமார். “சும்மா ரெண்டு படிதானுங்களே.”

அவர் இறங்கினார். முள் தயங்கியது, பிறகு நிதானமாகச் சுற்றிப் பூங்கா மூலையில் இருந்த பம்பு அறையைப் பார்த்து நின்றது. அந்தப் பக்கம் திரும்பி நின்றவர் கூட்டத்தில் ஒருவர்கூட இல்லை. அவர் மேலே ஏறி வந்ததும் முள் வாலாட்டிக்கொண்டு அவரிடமே வந்தது. ஜ்யோத்ஸ்னா மறுபடி இறங்கச் சொன்னாள். முள் மறுபடி பம்பு அறைக்குப் போனது.

அப்போது, யாரும் எதிர்பாராத ஒன்று நடந்தது. வேணு ஆராய்ந்தார்.

“அந்த மோதிரத்தைக் கொஞ்சம் கழட்டுங்க” என்றார்.

“இது என் குரு குடுத்தது சார். கழட்டக் கூடாது.”

“நாங்க மட்டும் பொண்ணை ரூமை விட்டுக் கழட்டலையா? கழட்டுங்க.”

மோதிரம் விரலை விட்டு வந்தது. வேணு அதை வாங்கி, உஷாராணியின் இரும்புத் தொட்டிப் பக்கம் கொண்டுபோனார். அது கையிலிருந்து துள்ளிப் போய் ‘டக்’கென்று தொட்டியில் ஒட்டிக்கொண்டது. சாம்ராட்டின் ஆன்மிக சக்தி முழுவதும் ஒரு காந்தத் துண்டு.

தட்சிணாமூர்த்தி விளக்கம் சொல்லத் தொடங்கினார். யாரும் கேட்கவில்லை. காரணம், எல்லோருக்கும் அதைவிடப் பெரிய ஒரு சங்கடம் வந்துவிட்டது. காந்தம் முள்ளைத் திருப்பியது, சரி. அந்தக் காந்தத்தை அந்தப் பக்கம் திருப்பியது யார்? எந்தப் பக்கம் பார்த்தால் மனசு கனக்கிறது என்று அவர் வீட்டுக்கு வீடு கேட்டிருந்தார்.

செந்தில்குமாரின் மாமனார் கூட்டத்தின் நடுவில் எழுந்தார். “அப்போ மாப்பிள்ளை, என் நாற்காலி இருந்த எடம்தான் வடக்குன்னு அவரா கண்டுபுடிச்சாரா, நீங்களா பார்த்தீங்களா?”

“நான் வாயே தொறக்கலீங்க மாமா.”

“கண்ணைத் தொறந்திருப்பீங்க.”

உஷாராணியின் கணவர் தன் உடற்பயிற்சி சைக்கிள் பால்கனிக்குப் போன கதையைக் கேட்கத் தொடங்கியிருந்தார். வடக்கு வடக்காகச் சண்டை வெடித்தது. தட்சிணாமூர்த்தி எந்தத் திசையில் போனார் என்று யாரும் கவனிக்கவில்லை. தகட்டுக் கடையும் அவரோடு போயிருந்தது.

ஜ்யோத்ஸ்னா அம்மாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஜெயலட்சுமி தொட்டியை மடியில் வைத்திருந்தாள்.

“அம்மா. அவர் கேட்டப்போ நீ என் கதவைப் பார்த்தியா?”

“பார்த்தேன்.”

“ஏன்?”

“எப்பப் பாரு சாத்தியே இருக்கு. உள்ள நீ இருக்கியான்னுகூடத் தெரியலை. அதைத் தொறக்க ஒரு வழி கிடைச்சா நல்லாருக்கும்னு தோணிச்சு.”

“தட்டியிருக்கலாமேம்மா.”

“தட்டினா மீட்டிங்னு சொல்வே.”

“மீட்டிங் முடிஞ்சதும் வருவேன் இல்ல?”

ஜெயலட்சுமி தொட்டியைக் கணவரிடம் நீட்டினாள். “இதை சிங்க் பக்கத்துல கொண்டுபோய் வைங்க. இன்னிக்கே இவ ரூமைக் கழுவி விடணும். நாறுது.”

மறுநாள் காலை ஜ்யோத்ஸ்னா தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு மேனேஜரோடு பேசினாள். பேசி முடித்ததும், அவளாகவே கதவைத் திறந்துகொண்டு வந்து அம்மாவிடம் காபி கேட்டாள். அந்தப் பலனுக்கு எந்தத் தகடும் தேவைப்படவில்லை.

இத்தோடு முடிந்திருந்தால் நான் நிம்மதியாகப் பேனாவை மூடியிருப்பேன். அந்த வாரமே லிஃப்டில் செயற்கைக்கோள்காரர் ஜ்யோத்ஸ்னாவை மடக்கினார்.

“பேட்டா, அப்போ தொட்டியை எங்கதான் வைக்கிறது?”

“காய் நறுக்குற இடத்துக்குப் பக்கத்துல, அங்கிள். மூடி போட்டு வைங்க. தினமும் காலி பண்ணுங்க.”

அவர் முகம் வாடிவிட்டது. “அவ்வளவுதானா? இவ்வளவு சுலபமா இருந்தா பலிக்குமா?”

அவருக்குச் சொல்ல முடியாமல் போனதை உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன். வீட்டுக் குப்பையைத் தினமும் காலையில் மறக்காமல் வெளியே கொட்டுகிறோம். எவனோ நம் மண்டைக்குள் கொட்டிவிட்டுப் போனதை மட்டும் பொட்டு வைத்து, நெஞ்சோடு அணைத்துக்கொள்கிறோம். ஒரு தடவை மூடியைத் திறந்து பாருங்கள். நாற்றம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ளத் திசைகாட்டி தேவைப்படாது.