மொக்கச்சாமி எடுத்த அறிவியல் பாடம்

இனிமேல் ஒரு ஏலக்காயைக்கூடக் கையால் தொடுவதில்லை என்று மொக்கச்சாமி ஒரு சாயங்காலம் தீர்மானம் செய்தார். தீர்மானம் செய்த இடம் அவருடைய வீட்டு நடுக்கூடம். எதிரே ஒரு மூட்டை ஏலக்காய். மூட்டைக்கு அந்தப் பக்கம் அவர் மனைவி சந்திரவல்லி. ஆகவே தீர்மானத்தை வாய்விட்டுச் சொல்லவில்லை.

மனுஷன் பாடு அப்படி. போடியில் ஒரு ஏலக்காய்க் கடையில் எடை போடுகிற வேலை. மலையிலிருந்து ஜீப்பில் இறங்குகிற மூட்டைகளைக் காலையிலிருந்து தராசில் ஏற்றுவார், இறக்குவார். அலுத்துப்போய் வீட்டுக்கு வந்தால் அங்கேயும் அதே காய். சந்திரவல்லி கடைகளிலிருந்து மூட்டை எடுத்துவந்து, காம்பு கிள்ளி, தூசி புடைத்து, பெரிசு சிறிசு பிரித்துக் கொடுக்கிறவள். பக்கத்து வீட்டுச் சுருளியம்மாளும் புடைக்கிற சொளகோடு வந்து உட்கார்ந்துவிடுவாள். “சும்மாதான இருக்கீக, இதைக் கொஞ்சம் பிடிங்க” என்று சந்திரவல்லி இன்னொரு சொளகை நீட்டினால், அவ்வளவுதான், சோத்து நேரம் வரைக்கும் மொக்கச்சாமிக்கு விடுதலை கிடையாது. கல்யாண வீட்டில் பாயசத்தை மோந்து பார்த்துவிட்டு இலையை மூடுகிற ஒரே ஆள் போடியில் அவர்தான்.

தப்பிக்கிற வழியை அவர் மகள் பவதாரணி காட்டினாள். எட்டாவது படிக்கிற பிள்ளை. முழு ஆண்டுப் பரீட்சைக்கு இன்னும் மூன்று மாதம் இருந்தது.

“அம்மா, அறிவியல் மொத்தத்தையும் முதல்லருந்து திருப்பிப் பாக்கணும். உயிரியல், இயற்பியல், வேதியியல், சுற்றுச்சூழல் எல்லாம். யாராவது கேள்வி கேட்டா நல்லாருக்கும்.”

மொக்கச்சாமி துள்ளி எழுந்தார். “யாராவது என்ன யாராவது? நான் என்ன செத்தா போயிட்டேன்? பத்தாவது படிச்சவன்! எட்டாவது அறிவியல் எனக்கு எம்மாத்திரம்?”

“ஏங்க, அப்ப இந்தக் காயி?” என்றாள் சந்திரவல்லி.

“வாத்தியாரு எங்கயாச்சும் காய் பொறுக்குவாரா? பிள்ளை படிப்பு முக்கியமா, உன் காம்பு முக்கியமா?”

“படிப்புத்தேன் முக்கியம். நீங்க சொல்லிக் குடுங்க. நாங்க பாட்டுக்கு ஓரமா உக்காந்து பொறுக்கிக்கிறோம்.”

இவ்வளவு சுளுவாக அவள் ஒத்துக்கொண்டபோதே அவர் சுதாரித்திருக்க வேண்டும். பதினைந்து வருஷம் குடித்தனம் நடத்திய மனுஷனுக்கு அந்தப் புத்தி இருந்திருக்க வேண்டும். ஆனால் நாற்காலியும் காப்பியும் வந்துவிட்டன. நாற்காலியில் உட்கார்ந்தவனுக்குச் சந்தேகம் எங்கே வருகிறது?

இந்த இடத்தில் அவரைப் பற்றி ஒரு உண்மையைச் சொல்லியாக வேண்டும். பெண் பார்க்கச் சிலமலைக்குப் போனபோது, “எங்க பய பத்தாவது முடிச்சிருக்கான்” என்று அவருடைய சித்தப்பா ஒரு வார்த்தை விட்டார். மொக்கச்சாமி மறுக்கவில்லை. வாயில் கேசரி இருந்தது. கேசரியை விழுங்கும்போது உண்மையையும் சேர்த்து விழுங்கிவிட்டார். உள்ளபடி அவர் ஏழாவது முடித்த கையோடு அப்பாவுடன் மலையேறிக் காய் எடுக்கப் போனவர். வருஷா வருஷம் பள்ளிக்கூடப் பாரத்தில் ‘தந்தையின் படிப்பு: பத்தாம் வகுப்பு’ என்று பவதாரணி முத்து முத்தாக எழுதும்போது அவருக்கு நெஞ்சில் சுருக்கென்று தைக்கும். ஊரே தெரிந்துகொண்டாலும் பரவாயில்லை, அந்தப் பிள்ளைக்கு மட்டும் தெரிந்துவிடக் கூடாது என்பதே அவருடைய ஒரே பயம்.

பாடம் தொடங்கியது. முதல் நாள் செல்.

“தாவர செல்லுக்குச் சுவர் உண்டு, விலங்கு செல்லுக்குக் கிடையாது” என்று புத்தகத்தைப் பார்த்து வாசித்தார்.

“ஏன் அண்ணே கிடையாது?” என்றாள் சுருளியம்மாள்.

புத்தகத்தில் அதற்கு உடனே விடை அகப்படவில்லை. வாத்தியார் முழிக்கலாமா? “தாவரம் ஒரே இடத்துல நிக்கிது. சொந்த இடம். காம்பவுண்டு கட்டிக்கிருச்சு. விலங்கு அலையுற உசுரு, வாடகை வீடு. வாடகை வீட்டுல எவன் கைக்காசு போட்டுச் சுவரு கட்டுவான்?”

பவதாரணி சிரித்து உருண்டாள். “அப்பா, இப்பிடி எழுதுனா மார்க்கு வராது. ஆனா சாகுறவரைக்கும் மறக்காது!”

மொக்கச்சாமி பெருமையாகக் காப்பியை உறிஞ்சினார். சந்திரவல்லியின் உதடும் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தது. காய் எண்ணுகிறாள் என்று நினைத்துக்கொண்டார்.

மறுவாரம் அளவீடுகள். அங்கேதான் சண்டை வந்தது.

“எடையின் அலகு என்ன?” என்று கேட்டார்.

“நியூட்டன்” என்றாள் பவதாரணி.

“தப்பு. கிலோ.”

“கிலோ நிறைக்குப்பா. எடைக்கு நியூட்டன்தான். புத்தகத்துல பாருங்க.”

“ஆத்தா, இருவது வருசமா எடை போடுறவன் நானு. எங்கிட்டயே எடையைப் பத்திப் பேசுறியா?”

“நிறைன்னா ஒரு பொருள்ல எவ்வளவு சரக்கு இருக்குங்கிறது. எடைன்னா பூமி அதை எவ்வளவு பலமா இழுக்குதுங்கிறது. ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய பத்து நியூட்டன்.”

“அப்ப அம்பது கிலோ மூட்டை?” என்று ஓரத்திலிருந்து சந்திரவல்லி கேட்டாள்.

“ஐந்நூறு நியூட்டன்மா.”

மொக்கச்சாமி புத்தகத்தைத் திருப்பிப் பார்த்தார். பிள்ளை சொன்னதுதான் அச்சில் இருந்தது. மறுநாள் கடைக்குப் போனதும் முதலாளியிடம் விஷயத்தை உடைத்தார். “முதலாளி, இத்தனை வருசமா நாம போட்டது எடையே இல்ல. நிறை.”

முதலாளி அவரை ஏற இறங்கப் பார்த்தார். “காலைல சாப்பிட்டியா?”

“சாப்பிட்டேன்.”

“அப்ப வெரசா மூட்டையத் தூக்கு. பூமி இழுக்குறதுக்குள்ள.”

அந்த வாரம்தான் சந்திரவல்லி இரண்டு தாள்களைக் கொண்டுவந்து நீட்டினாள். “கேஸ் புக்குல பேரு திருத்தணுமாம். ஒரு போட்டோவும் வேணுமாம்.” மொக்கச்சாமி கண்ணாடியைக்கூடத் தேடவில்லை. வீட்டுக்குப் பெரிய மனுஷன் வாசித்துப் பார்த்தா கையெழுத்துப் போடுவான்? ஸ்டைலாக ஒரு கோடு இழுத்துக் கீழே இரண்டு புள்ளியும் வைத்தார்.

அப்புறம் வந்தது கலவைகளைப் பிரிக்கும் பாடம். ஆறாவதுப் பாடம்தான், ஆனால் அடியிலிருந்து திருப்ப வேண்டும் என்று பவதாரணி ஒரே பிடியாக நின்றாள். மொக்கச்சாமி தொண்டையைச் செருமினார். “கையால் தெரிந்தெடுத்தல், தூற்றுதல், சலித்தல்.”

“அப்பிடின்னா?” என்றாள் சந்திரவல்லி.

“இது தெரியாதா? கையால பொறுக்குறது, காத்துல தூத்துறது, சல்லடையில சலிக்கிறது.”

“வாயால சொன்னா மண்டையில ஏறலையே. செஞ்சு காட்டுனாத்தேன் புரியும்.”

“ஆமாப்பா, செய்முறை!” என்றாள் மகள்.

செய்முறை என்றால் வாத்தியார்தானே செய்ய வேண்டும்? மொக்கச்சாமி நாற்காலியை விட்டு இறங்கினார். காம்பும் கல்லும் பொறுக்கி ‘தெரிந்தெடுத்தல்’ காட்டினார். சொளகை எடுத்து ‘தூற்றுதல்’ காட்டினார். சல்லடையில் போட்டுப் பெரிசு சிறிசு பிரித்து ‘சலித்தல்’ காட்டினார். காட்டி முடித்து நிமிர்ந்தபோது முதுகு நிமிரவில்லை. மூட்டை காலியாக இருந்தது. சந்திரவல்லியும் சுருளியம்மாளும் காலை நீட்டிக் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

“இப்பப் புரிஞ்சிருச்சு” என்றாள் சந்திரவல்லி.

மறுநாள் அவளுக்கு மறந்துபோயிற்று. அதற்கு மறுநாளும் மறந்தது. அந்த ஒரு பாடத்துக்கு மட்டும் அந்த வீட்டில் பதினோரு முறை செய்முறை நடந்தது.

ஆனால் மொக்கச்சாமிக்கு இப்போது அதெல்லாம் பெரிதாகப் படவில்லை. படிப்பு ருசி தட்டிவிட்டது. சோலை மரங்களின் நிழலில்தான் ஏலச்செடி பிழைக்கும் என்பது சின்ன வயசிலேயே அவருக்குத் தெரியும். ஏன் என்பது இப்போதுதான் தெரிந்தது. போடிமெட்டில் முகத்தில் வந்து மோதுகிற மஞ்சு, குளிர்ந்து துளித்துளியான நீராவிதான் என்று படித்த அன்றைக்கு, மலையைப் பார்த்து ஒரு நிமிஷம் அப்படியே நின்றுவிட்டார். ‘கணக்கும் நீங்களே பாருங்க, சமூக அறிவியலும் பாருங்க’ என்று சந்திரவல்லி ஏற்றிவிட்டாள். ஆங்கிலம் எடுக்கிற வேலையை மட்டும் மகளிடம் தள்ளிவிட்டு, தானும் உட்கார்ந்து கேட்டுக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் பவதாரணி கேள்வித்தாள் எழுதி வைப்பாள். “வாத்தியாரும் எழுதணும்பா, அப்பத்தான் விடை சரியான்னு தெரியும்.” முதல் வாரம் நூற்றுக்கு முப்பத்தியெட்டு வாங்கினார். கடைசி வாரம் எழுபது.

பவதாரணி பரீட்சையை நன்றாக எழுதிவிட்டு வந்தாள். அன்று சாயங்காலம் மொக்கச்சாமி காலை நீட்டி உட்கார்ந்தார். “வாத்தியாரு சோலி முடிஞ்சுச்சு.”

“எங்க முடிஞ்சுச்சு?” என்று சந்திரவல்லி ஒரு தாளை அவர் மடியில் வைத்தாள்.

ஹால் டிக்கெட். தனித்தேர்வர்களுக்கான எட்டாம் வகுப்புப் பரீட்சை. இன்னும் பத்து நாளில், தேனியில். பெயர்: மொக்கச்சாமி. மூலையில் அவருடைய போட்டோ. கீழே ஸ்டைலாக ஒரு கோடு, இரண்டு புள்ளி.

அவர் தாளைச் சட்டென்று கவிழ்த்துப் போட்டார். “நான்... பத்தாவது...”

“கல்யாணமான ஆறாம் மாசமே தகரப்பொட்டியில உங்க டி.சி.யைப் பாத்துட்டேன்” என்றாள் அவள், காயிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“ஏன் புள்ள கேக்கல?”

“எந்த மூஞ்சியோட கேக்க? நான் எட்டாவதுன்னு எங்கப்பா உங்ககிட்டச் சொன்னாரு. நான் படிச்சது ஆறாவது.” இன்னொரு தாளை எடுத்துக் காட்டினாள். அதில் அவளுடைய போட்டோ.

மொக்கச்சாமி மெதுவாக மகள் பக்கம் திரும்பினார். பதின்மூன்று வருஷமாக எந்த முகத்துக்குப் பயந்தாரோ அந்த முகம் அவரைப் பார்த்துச் சிரித்தது.

“எனக்கும் தெரியும்பா. டீச்சர்கிட்டச் சொல்லி நான்தான் பாரம் வாங்கியாந்தேன். ரெண்டு பேரும் எழுதுங்க. அடுத்த தடவை பள்ளிக்கூடத்துல நெசத்தையே எழுதுறேன்.”

அவருக்கு அழுகை வந்தது. ஏமாற்றிவிட்டார்களே என்று கோபப்படத்தான் நினைத்தார். நெஞ்சு நிறைய வந்தது கோபம் இல்லை, பெருமை. இப்படி ஒரு மகள், இப்படி ஒரு கள்ளி தனக்கு வாய்த்திருக்கிறார்களே என்ற பெருமை.

அறிவியல் பரீட்சையன்று இருவரும் ஒரே பஸ்சில் போய் வெவ்வேறு அறையில் எழுதினார்கள். கலவைகளைப் பிரிக்கும் கேள்விக்கு மொக்கச்சாமி மூன்று பக்கம் எழுதினார். பதினோரு செய்முறை வீண் போகவில்லை. வெளியே வந்ததும் சந்திரவல்லி கேட்டாள்.

“அந்த ஒரு மார்க்குக் கேள்வி, எடைக்கு அலகு என்னன்னு... என்ன எழுதுனீக?”

மொக்கச்சாமி நடுரோட்டில் நின்றுவிட்டார். இருபது வருஷக் கை அது. பேனாவைப் பிடித்ததும் தன்னால் ஓடி ‘கிலோ’ என்று எழுதிவிட்டது. பஸ் வருகிறதா என்று பார்க்கிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவளுக்கு விடை தெரிந்துவிட்டது.

முடிவு வந்தது. இருவரும் எல்லாப் பாடத்திலும் பாஸ். மொக்கச்சாமி தெருவுக்கே மிட்டாய் கொடுத்தார். “எம் பொண்டாட்டி அறிவியல்ல எழுபத்தி நாலு! சொல்லிக் குடுத்த வாத்தியாரையே ஒரு மார்க்குல முந்திட்டா!” என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னார். அவரைப் போலப் பெருமையாகத் தோற்ற ஆளை அந்தத் தெரு பார்த்ததில்லை. பவதாரணி புதுப் பாரத்தை எடுத்து, ‘தந்தை: எட்டாம் வகுப்புத் தேர்ச்சி. தாய்: எட்டாம் வகுப்புத் தேர்ச்சி’ என்று எழுதி வைத்தாள். அதை இரண்டு தடவை வாசித்துவிட்டு அவர் நாற்காலியில் சாய்ந்தார். எட்டாவது பாஸ் பண்ணினவன் இனி ஏலக்காயைத் தொடப்போவதில்லை.

அப்போதுதான் சுருளியம்மாள் வாயில் மிட்டாயோடு கேட்டாள்: “அது சரி அண்ணே, அந்த ஒரு மார்க்கை எதுலதான் விட்டீக?”

எடை போடுகிறவர் எடையில் கோட்டை விட்ட கதை சுருளியம்மாள் காதில் விழுந்தால், காலைக்குள் கடைத்தெரு முழுக்கப் பரவிவிடும். முதலாளி சாகும்வரை சொல்லிச் சிரிப்பார். மொக்கச்சாமி பரிதாபமாக மனைவியைப் பார்த்தார்.

சந்திரவல்லி எழுந்தாள். அன்றைக்கு வந்த புது மூட்டையை அவிழ்த்து, சொளகை எடுத்து, அவர் பக்கம் மெதுவாகத் தள்ளினாள்.

அன்று அவர் தனி ஆளாகப் பொறுக்கி முடித்த மூட்டையின் எடை, சரியாகச் சொன்னால், சுமார் ஐந்நூறு நியூட்டன்.