முட்டை சொன்னால் சரி

உலக மக்களுக்கு ஓர் அவசர அறிவித்தல்! ஆறரைக் கோடி வருடங்களாக வாய் திறவாதிருந்த, கல்லாய்ப்போன டைனோசர் முட்டை, கடந்த சனிக்கிழமை கண்டியில் பேசத் திருவுளங்கொண்டது. பகல் சாப்பாட்டுக்கு இடைவேளை உண்டு.

வாவிக்கு அருகிலுள்ள மண்டபத்தில் ஆதிகால விலங்கு ரசிகர் மாநாடு. எலும்பைப் பார்த்தே இனத்தைச் சொல்லும் மேதாவிகள் நிறைந்திருந்தார்கள். முட்டையைக் கண்டதும் முதலில் செருப்பைக் கழற்றியவர்கள் அவர்கள்தான்.

முட்டைக்குப் பக்கத்தில் சித்தர் தனபாலன். வலது கையில் விபூதி. இடது கை எந்நேரமும் ஜிப்பா பைக்குள். கேள்வி கேட்க வேண்டும். முட்டை அதிர்ந்தால் ‘ஆம்’. அசையாவிட்டால் ‘இல்லை’.

கலஹாவிலிருந்து வந்த அழகம்மா கைகூப்பினார். “சாமி, வவுத்துல கட்டி. திங்கக்கெழம ஆபரேசனாம். போகணுமா?”

முட்டை அசையவில்லை.

“என் எண்ணெயத் தடவுனா கரைஞ்சிருமா?” என்று சித்தர் கேட்டார். முட்டை கிடுகிடுவென அதிர்ந்தது.

அழகம்மா ஆஸ்பத்திரித் துண்டுச்சீட்டைக் கசக்கினார்.

அப்போது ஓர் ஆதிகாலச் சடை யானை கூட்டத்தை இடித்துக்கொண்டு முன்னே வந்தது. யானைத் தலையைக் கழற்றியதும், வேடத்துக்குள் இருந்தவர் பன்வில ஊரிலிருந்து வந்த ரசிகை ஜெஸ்மின்; கழுத்தில் சிலுவை.

“கசக்காதீங்கக்கா. சாமி, எல்லாரும் ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கி ஒரு அரோகரா போட்டுட்டுக் கேப்போமே?”

“நீ வேதக்காரப் பிள்ளையாச்சே?” என்றார் சித்தர் சிலுவையைப் பார்த்து.

“முட்ட மட்டும் சைவமா சாமி?”

மண்டபமே கைகளைத் தூக்கியது. சித்தரின் இடது கையும் அன்றுதான் வெளிச்சத்தைக் கண்டது.

“அப்பிடியே வச்சிருங்க. முட்டையே, நீ டைனோசர் முட்டையா?”

அசைவில்லை.

“சாமி நல்லவரா?”

அதற்கும் இல்லை.

“கை வலிக்குது,” என்றார் சித்தர்.

“அரோகராவுக்கு வலிக்குமா?” என்று பக்தர்களே அதட்டினார்கள்.

சித்தரின் விளம்பரத்தில் இரண்டு தொலைபேசி இலக்கங்கள் இருந்தன. ஜெஸ்மின் தன் போனை எடுத்து இரண்டாவதை அழுத்தினார். “இப்ப கேளுங்கக்கா.”

“ஆபரேசனுக்குப் போகணுமா?”

முட்டை அதிர்ந்தது, உருண்டது, விழுந்து உடைந்தது. உள்ளே ஒரு போன். அதன் திரையில், ஜெஸ்மினின் அழைப்பைத் தவிர காலையிலிருந்து வந்தவை எல்லாம் விளம்பரத்தின் முதல் இலக்கத்திலிருந்து, அதாவது சித்தரின் பையிலிருந்த போனிலிருந்துதான்.

“அப்ப போகணும்,” என்று அழகம்மா துண்டுச்சீட்டை நீவினார்.

“அத டாக்டரே சொன்னாருல்லக்கா?”

மேதாவிகள் உடைந்த ஓடுகளைப் பொறுக்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருந்தார்கள்.

டைனோசர்களை அழிக்க வானத்திலிருந்து ஒரு பெரிய கல் விழ வேண்டியிருந்தது. யோசிக்க மாட்டோம் என்று அடம்பிடிக்கும் நமக்கு, மேசைமேல் ஒரு கல்லை வைத்தாலே போதும்.

இது கல்கூட இல்லை. பிளாஸ்டர்.