திமிங்கிலத்தை நம்பி மீசையை எடுத்தேன்

அரைகுறையாகப் படித்தவனிடம் விஞ்ஞானம் பேசக் கூடாது. கேட்டதை உடனே செய்து பார்த்துவிடுவான். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு ஊர் ஊராகத் திரிந்த நான், அப்படி ஒன்றைச் செய்து பார்த்ததில் என் அப்பா அரை மணி நேரம் செத்துப்போனார்.

அப்போது எனக்குத் திருகோணமலையில் திமிங்கிலம் காட்டும் படகில் வேலை. சோறு உண்டு, படுக்கப் படகு உண்டு. (மழை வந்தால் இரண்டும் நனையும்.) ஆராய்ச்சிக்காக வந்த யாழ்ப்பாணத்துப் பெண் ஒருத்தி, ஒருநாள் எனக்கு விளக்கினாள்.

"திமிங்கிலமும் ஒரு காலத்தில நிலத்தில நடந்த பிராணிதான். உடம்பெல்லாம் ரோமம் இருந்தது. தண்ணிக்குள்ள போன பிறகு அது தேவைப்படேல்லை. ரோமம் வளர்க்கிற ஜீன்கள் ஒவ்வொண்டாப் பழுதாப் போச்சு. தோல் தடிச்சு, வழுவழு எண்டு ஆகிட்டுது. வியர்வைச் சுரப்பிகூட இல்லை."

"நீர்யானைக்கும் முடி இல்லையேங்க?"

"அது தன்ர பாட்டில, தனியா இழந்தது."

இரண்டு மிருகங்கள் தனித்தனியாக ஒரே முடிவுக்கு வந்திருந்தால் அதில் விஷயம் இருக்கத்தானே வேண்டும்?

அந்த வாரம் ஒரு ஹோட்டலில் நீச்சல் குளத்துக்குக் காவலாள் தேடினார்கள். நீந்திக் காட்ட வேண்டும். நான் நேரே சலூனுக்குப் போனேன். தலை, மீசை, நெஞ்சு எல்லாம் போயின. புருவத்தைக் காட்டியதும் சலூன்காரர் கத்தியை மடக்கிவிட்டார்.

நீச்சலில் கடைசியாக வந்தேன். (முதலாவதாக வந்தவருக்கு நெஞ்சு வரை தாடி.) திரும்பிப் போனால் படகில் வேறு ஆள். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, பஸ் மாறி மாறி, அப்புத்தளைக்குக் கீழே இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தேன்.

அப்பா கண் ஆபரேஷனுக்காகப் பதுளை ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தது எனக்குத் தெரியாது. என்னை வளர்த்த அத்தை, அப்பாவின் தங்கை, கொழுந்துக் கூடையோடு மலையிலிருந்து இறங்கி வந்தார். என் மொட்டைத் தலையைப் பார்த்தார். மீசை இல்லாத உதட்டைப் பார்த்தார். மகன் இரண்டையும் ஒன்றாக எடுப்பது எதற்கென்று எங்கள் பக்கத்தில் குழந்தைக்கும் தெரியும். திமிங்கில நினைப்பில் எனக்குத்தான் மறந்துவிட்டது.

கூடை உருண்டது.

"ஐயோ அண்ணே! எங்கள விட்டுட்டுப் போயிட்டியா!"

அத்தைக்கு ஒரே அண்ணன்தான். நானும் "அப்பா" என்று கதறினேன். நான் கதறியதும் அத்தைக்கு மிச்சமிருந்த சந்தேகமும் தீர்ந்தது. லயத்து வரிசை வீடுகளே கூடி அழுதன. சாவு வீட்டு வெள்ளைக்கொடி கட்ட ஒருவர் மூங்கில் வெட்டப் போனார்.

"மொகத்தக்கூட காட்டாம எரிச்சுப்புட்டியேடா பாவி!" என்று அத்தை என் நெஞ்சில் குத்தினார். நான் எப்போது எரித்தேன் என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை.

கறுப்புக் கண்ணாடியும் கையில் பாண் ரொட்டியுமாக அப்பா படியிறங்கி வந்து, கூட்டத்தின் கடைசியில் நின்றார்.

"யாருங்க தவறிட்டது?"

கேட்கப்பட்டவர் திரும்பிப் பார்த்தார்; தண்ணீர்க் கானைத் தாண்டி ஓடினார்.

அப்பா என் அருகே வந்து மொட்டையைத் தடவினார். "ஏன்டா, நான் செத்தத என்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

அந்தக் கையின் சூடு இன்னும் என் தலையில் இருக்கிறது. வேலை, படகு, தலைமுடி எல்லாம் போன அன்றுதான் எனக்கு எல்லாம் கிடைத்தது. அத்தை அண்ணனைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். பிறகு விறகுக் கட்டையோடு என்னைத் தேடினார்.

தேத்தண்ணி குடிக்கும்போது நடந்ததைச் சொன்னேன். அப்பா கேட்டார்: "அதுக்கு முடி கொட்ட எம்புட்டு காலமாச்சாம்?"

"கோடிக்கணக்கான வருசம்பா."

"பாரு, அதுகூட அவசரப்படல."

அன்றிலிருந்து நான் எந்த ஊரிலிருந்து போன் எடுத்தாலும் அத்தை முதலில் வீடியோவில் மீசையைக் காட்டச் சொல்வார். பார்த்துவிட்டு, "அண்ணே, நீ இருக்க!" என்று உள்ளே குரல் கொடுப்பார். "சரி, இருக்கேன்" என்று பதில் வரும்.

மீசை நரைக்கத் தொடங்கிவிட்டது. நன்றாக நரைக்கட்டும்.