நாற்பத்தேழாம் பக்கத்தில் இருப்பது ஊறுகாய் அல்ல

லாரல் ஃபோர்க், கென்டக்கி
வெள்ளிக்கிழமை காலை, பாத்திரம் கழுவி முடித்த பின்

கர்த்தருக்குள் பிரியமான சகோதரி வெர்லீன் காடில் அவர்களுக்கு,

நெல்டா ஸ்டிடம் எழுதுவது. தோத்திரம். உங்கள் முழங்கால் வலி இறங்கியிருக்கும் என்று நம்புகிறேன். செவ்வாய் ஜெபத்தில் உங்களுக்காக ஒரு தடவையும் அந்த இடது காலுக்காகத் தனியே ஒரு தடவையும் மன்றாடினேன். தேவகிருபையால் நாங்கள் இருவரும் நலம். என் வீட்டுக்காரர் ஹாய்ட் நலம் என்று எழுதியது எவ்வளவு தூரம் உண்மை என்பதைக் கடிதத்தை முடிக்கும்போது நீங்களே தெரிந்துகொள்வீர்கள்.

சபைக் கூரைக்காக நீங்கள் தொகுத்திருக்கும் சமையல் புத்தகத்தின் மாதிரிப் பிரதியைப் போன ஞாயிறு இருபது வீடுகளுக்குக் கொடுத்து, "பிழை இருந்தா வெள்ளிக்கிழமைக்குள்ள எழுதிக் குடுங்க, திங்கக்கிழமை அச்சுக்குப் போயிடும்" என்று சொன்னீர்கள். நூற்றுப் பன்னிரண்டு பக்கத்தையும் விரல் வைத்துப் படித்தேன். சகோதரி ஓலீட்டாவின் சோளரொட்டியில் உப்பு விட்டுப்போயிருக்கிறது. இருபத்தொன்பதாம் பக்கத்தில் ஒரே கோழி இரண்டு முறை வேகிறது. இதெல்லாம் யாருக்கும் வருகிற பிழைதான். நாற்பத்தேழாம் பக்கம் முழுவதுமே பிழை. "ஹாய்ட்டுக்காக: நெல்டாவின் கருகாத வெள்ளரிக்காய் ஊறுகாய்" என்று என் பெயர் போட்டு அச்சடித்திருக்கிறீர்களே, அது ஊறுகாய் அல்ல. அது சமையலே அல்ல. அதை யாரும் வாயில் வைக்கக் கூடாது. சரியாகச் சொன்னால், வாயில் வைக்கலாம், தின்னக் கூடாது.

இதை விளக்க ஒரு காரியத்தை நான் அறிக்கையிட வேண்டியிருக்கிறது. ஹாய்ட் முப்பத்துநாலு வருஷம் சிகரெட் குடித்தவர் என்பது சபைக்கே தெரியும். வசந்தத்தில் டாக்டர் அவருடைய நுரையீரல் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டி, "இன்னொரு குளிர்காலம் இப்படியே ஊதினீங்கன்னா, அதுக்கடுத்த குளிர்காலம் மூக்குல குழாயோடதான்" என்று சொன்னார். பிறகு ஆகஸ்டில் ஹாய்ட் சபையில் எழுந்து நின்று, ஜெபம் ஒன்றினால் மட்டுமே விட்டேன் என்று சாட்சி சொன்னார். எல்லோரும் கை தட்டினீர்கள், பாஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு டீக்கன் பொறுப்புக்கு இவர் பெயரையும் எழுதிக்கொண்டார். சகோதரி, ஜெபம் இருந்தது, பொய் இல்லை. ஜெபத்தோடு ஒரு பேட்டரியும் இருந்தது. கட்டைவிரல் நீளத்தில் ஒரு வேப், அதாவது பேட்டரியில் ஓடும் சிகரெட், அதற்குள் ஊற்ற ஸ்ட்ராபெரி வாசனையில் ஒரு ஜூஸ். சாட்சி சொல்லும் வேகத்தில் அது வாயில் வரவில்லை என்கிறார். அன்றிலிருந்து அது எங்கள் வீட்டில் ரொட்டி டப்பாவுக்குள் ஒளிந்து வாழ்கிறது.

அந்தக் கருவிக்குள் காயில் என்று ஒன்று உண்டு, சுண்டுவிரல் நுனியளவுதான், உள்ளே கம்பிச்சுருள், அதைச் சுற்றிப் பஞ்சு. பஞ்சு ஜூஸில் ஊறியிருந்தால் கம்பி சூடாகும்போது ஆவி வரும், ஊறாமல் இருந்தால் பஞ்சே எரியும், அவ்வளவுதான் விஷயம், இதைப் புரிந்துகொள்ள ஒரு மனிதனுக்கு எத்தனை நாள் வேண்டும்? இவர் புதுக் காயிலை மாட்டுவார், ஜூஸை ஊற்றுவார், மூடியைத் திருகுவார், மூடி திருகி முடியுமுன் இழுப்பார். உடனே கொல்லைப்புறத்திலிருந்து சத்தம் வரும்.

"நெல்டா! பழைய மெத்தையக் கொளுத்தி வாயில திணிச்ச மாதிரி இருக்கு!"

"பத்து நிமிஷம் வெச்சிருந்தீங்களா?"

"வெச்சேன்."

"எத்தனை நிமிஷம்?"

"அது ஏறக்கொறைய இருக்கும்."

"ஏறவா, கொறையவா?"

"போதும் விடு, நான் பழைய பாக்கெட்டையே வாங்கிக்கறேன்" என்று லாரிச் சாவியை எடுப்பார். இப்படி வாரத்துக்கு இரண்டு முறை. காயில் ஒன்று கருகும்போதெல்லாம் அவர் சிகரெட் விற்கும் பெட்ரோல் பங்க் கவுண்டருக்கு ஓரடி நெருங்குகிறார் என்று எனக்கு விளங்கிப்போயிற்று. யாரிடம் போய்க் கேட்பேன்? கழுத்துவரை பச்சை குத்திய ஒரு மனிதர் காயில் பராமரிப்பு பற்றிப் பேசும் வீடியோக்களைத் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்து, நிறுத்தி நிறுத்திப் பார்த்து, நோட்டில் எழுதிக் கற்றுக்கொண்டேன். வாயைத் திறந்தால் கெட்ட வார்த்தை, ஆனால் சொல்வதெல்லாம் உண்மை. அவருக்காகவும் ஜெபிக்கிறேன். வீட்டுக் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் காயிலுக்கென்று தனிக் கணக்கு போட்டேன்: மாட்டிய தேதி, கருகிய தேதி, காரணம். எழுபத்தோரு நாளில் பத்தொன்பது காயில். காரணம் என்ற கட்டத்தில் பதினொரு இடத்தில் "அவசரம்" என்று எழுதியிருக்கிறேன், ஓரிடத்தில் "பொய் சொன்னார்" என்று.

நான் என் அக்காள் வீட்டுக்குப் போகும் நாட்களில் இவரே பார்த்துக்கொள்ளட்டும் என்று, என் சமையல் அட்டை ஒன்றில் அந்த முறையை எழுதிவைத்தேன். யார் கண்ணிலாவது பட்டால் என்ன செய்வது என்று காயில் என்ற சொல்லையே எழுதவில்லை. இப்படித்தான் எழுதினேன்: "கருகல் வராமல் இருக்க, ஹாய்ட்டுக்கு. பழையதைக் கழற்றி வினிகரில் இரவு முழுக்க ஊறவை. சுடுதண்ணீரில் மூன்று தடவை அலசு. இருபத்துநாலு மணி நேரம் காயவை. பக்கவாட்டு ஓட்டை ஒவ்வொன்றிலும் ஸ்ட்ராபெரி நாலு சொட்டு, மேலே இரண்டு. பத்து நிமிஷம் தொடாதே. முதலில் சூடில்லாமல் ஐந்து இழுப்பு. பிறகு குறைந்த சூட்டில் மெதுவாக. அவசரப்பட்டால் கருகும்."

புத்தகத்துக்காக உங்களிடம் சேர்க்கச் சொல்லி நான் எடுத்துவைத்தது மூன்று அட்டைகள். இவர் அதை மறந்து கிளம்பி, வழியில் ஞாபகம் வந்து திரும்பி ஓடிவந்து, சமையல் அட்டைப் பெட்டியில் முன்னால் இருந்ததையெல்லாம் அள்ளிக்கொண்டு போயிருக்கிறார். அதிலும் அவசரம்! அட்டையை வாங்கிய நீங்களாவது ஒரு போன் செய்து, "நெல்டா, எதை ஊறவைக்கறது, எதைக் காயவைக்கறது?" என்று கேட்டிருக்கலாம். கேட்காமல் நீங்களாகவே இரண்டு பவுண்டு சின்ன வெள்ளரிக்காய் சேர்த்தீர்கள். முள்கரண்டியால் பக்கத்துக்கு நாலு ஓட்டை போடச் சொன்னீர்கள். ஐந்து இழுப்பை ஐந்து முறை கிளறுவதாக மாற்றினீர்கள். இருபத்துநாலு மணி நேரம் வெள்ளரிக்காய்க்கு அதிகம் என்று இரண்டு மணி நேரமாகக் குறைத்தீர்கள். உங்கள் நல்ல மனசைக் குறை சொல்லவில்லை. ஆனால் சகோதரி, வினிகரில் ஊறிய வெள்ளரிக்காயில் ஸ்ட்ராபெரி சொட்டு விடும் பெண்பிள்ளை நான் என்று இத்தனை வருஷப் பழக்கத்தில் உங்களுக்கு எப்படித் தோன்றியது?

புதன்கிழமை சபை விருந்தில் நடந்தது உங்களுக்குத் தெரியாது, நீங்கள் கால் வலியில் வரவில்லை. சகோதரி ஓலீட்டா அதைச் செய்து எடுத்துவந்துவிட்டார்! எண்பத்திரண்டு வயதில், கண்ணாடித் தட்டில் அடுக்கி, நேராக இவரிடம் நீட்டினார்.

"தம்பி ஹாய்ட், உன் பேரப் பாத்ததும் மனசு கேக்கல. ஓட்டைக்கு நாலு சொட்டுன்னு எண்ணித்தான் விட்டேன். ஒண்ணுல அஞ்சு விழுந்திருக்கும், மன்னிச்சுக்கப்பா."

அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்க இவர் ஒன்றைத் தின்றார். பாட்டியம்மா கண் எடுக்காமல் நின்றதால் இன்னொன்றும் தின்றார். பாஸ்டர் பக்கத்தில் வந்து, "எப்படி இருக்கு பிரதர்?" என்றார்.

"கருகல் இல்லீங்க பாஸ்டர்" என்றார் இவர்.

பாஸ்டர் சிரிக்கவில்லை. மேசையில் கிடந்த மாதிரிப் பிரதியைத் திறந்து நாற்பத்தேழாம் பக்கத்தை மேலிருந்து கீழே படித்தார். மறுபடியும் படித்தார். இவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, காபி எடுக்கப் போய்விட்டார்.

வண்டியில் இவர் குரலே மாறிப்போயிற்று. "அவருக்குத் தெரிஞ்சுபோச்சு நெல்டா. சபைக்கு முன்னால பொய்யன்னு நிக்கறதுக்கு, ரெண்டு பாக்கெட் ஊதிட்டு நிம்மதியாப் போய்ச் சேர்றேன்."

"அப்ப நான் யாரோட சேர்றது?" என்று கேட்டேன்.

அன்றிலிருந்து அந்தக் கருவியைத் தொடவில்லை. நேற்று மத்தியானம் பெட்ரோல் பங்க் வரை போய்விட்டு, ஒரு கேலன் பால் வாங்கிக்கொண்டு வந்தார். வீட்டில் ஏற்கெனவே இரண்டு கேலன் பால் இருக்கிறது. பாலுக்காகப் போனவர் முகம் அப்படி இருக்காது. நாளைக்கும் பால்தான் வாங்குவார் என்று என்னால் சொல்ல முடியாது.

ஆகையால் உங்களை மன்றாடிக் கேட்கிறேன், அந்தப் பக்கத்தை எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில் வெறும் வெள்ளைத்தாள் இருந்தாலும் சரி. இருபது வீட்டிலும் நானே ஏறி இறங்கி மாதிரிப் பிரதியிலிருந்து அதைக் கிழித்து வாங்கிக்கொள்கிறேன். யாராவது கேட்டால் நெல்டாவுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று சொல்லுங்கள், என் பெயர் கெடட்டும், அவர் மூச்சு நின்றுவிடக் கூடாது.

உங்கள் வீட்டிலும் முற்றத்திலும் சமாதானம் தங்கியிருக்கட்டும். உங்கள் வீட்டுக்காரர் சகோதரர் பர்லுக்கு எங்கள் வணக்கம். முழங்காலுக்குச் சூடான உப்புப் பொட்டலம் ஒத்தடம் கொடுங்கள்.

கர்த்தருக்குள் உங்கள் சகோதரி,
நெல்டா ஸ்டிடம்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போனபோது போன் வந்தது. யார் என்று சொல்ல மாட்டேன், வாக்குக் கொடுத்திருக்கிறேன். ஒரு பெண்குரல், ரொம்பத் தாழ்வாக: "சகோதரி, நாப்பத்தேழாம் பக்கத்துல பத்து நிமிஷம்னு போட்டிருக்கே, நெஜமாவே பத்து வேணுமா? எங்க வீட்டுல அஞ்சுக்கு மேல பொறுக்க மாட்டேங்கறார். பிரசங்கம் எழுத உக்காந்தா ஓயாம இழுக்கறார், சனிக்கிழமைக்குள்ள கருகிடுது." பக்கத்தில் காது வைத்துக் கேட்ட ஹாய்ட் போனைப் பிடுங்கிக்கொண்டார். "அம்மா, பத்து கண்டிப்பா வேணும். ஒரு இழுப்புக்கும் இன்னொண்ணுக்கும் நடுவுல பஞ்சு நனைய நேரம் விடணும். ஒரு வசனம் எழுதட்டும், ஒண்ணு இழுக்கட்டும்" என்று கால்மணி நேரம் பாடம் நடத்தினார். இவர்! பிறகு ரொட்டி டப்பாவைத் திறந்து, புதுக் காயிலில் சொட்டு விட்டு, கடிகாரத்தைப் பார்த்தபடி முழுப் பத்து நிமிஷம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். "ஞாயித்துக்கிழமை எழுந்து பேட்டரியையும் சேத்துச் சொல்லிடறேன் நெல்டா, அப்புறம் டீக்கன் ஆக்கறதும் ஆக்காததும் அவங்க இஷ்டம்" என்றார்.

ஆகவே மேலே எழுதியதை எல்லாம் தள்ளிவிடுங்கள். பக்கம் இருக்கட்டும். வெள்ளரிக்காயை எடுத்துவிடுங்கள், காயவைக்கும் நேரத்தை மறக்காமல் திருத்துங்கள். ஏனென்றால் இப்போது இன்னொரு போனும் வந்தது. கார் ஷெட்டிலிருந்து ஒருவர் கிசுகிசுத்தார், வாயெல்லாம் கருகல், தண்ணீர் குடித்தும் போகவில்லையாம், அச்சடித்தபடியே ரெண்டு மணி நேரம் காயவைத்தேனே என்று அழாத குறை. அவர் பெயரையும் சொல்ல மாட்டேன். ஆனால் பின்னாலிருந்து நீங்கள், "பர்ல், அங்க யார்கிட்டப் பேசறீங்க?" என்று கேட்டது என் காதில் விழுந்தது. தயவுசெய்து அவரைத் திட்டாதீர்கள். இருபத்துநாலை இரண்டாக்கியது அவர் அல்ல.